வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கும் முன் ஃபோகஸைப் பற்றிக் கொஞ்சம்

கேமராவோடு சேர்ந்தே வரும் கிட் லென்ஸோடு கொஞ்ச காலம் சுற்றியவர்கள் அடுத்து ஆசைப்படுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. தூரத்துப் பறவையைப் பிடிக்க ஒரு டெலி, இல்லையென்றால் கோபுரம் முழுசாக ஃபிரேமுக்குள் அடங்க ஒரு வைட். டெலி வாங்கியவருக்கு ஃபோகஸ் தவறினால் அங்கேயே தெரிந்துவிடும். பறவையின் கண் மங்கியிருப்பதை கேமராவின் சின்னத் திரையே சொல்லிவிடும். வைட் லென்ஸில் அந்த வசதி இல்லை. திரையில் எல்லாமே பளிச்சென்று இருக்கும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கும்போதுதான் முகம் தெளிவில்லாமல், பின்னால் இருக்கும் சுவர் மட்டும் கூர்மையாக இருப்பது கண்ணில் படும். உடனே வருகிற தீர்ப்பு: "லென்ஸ் சரியில்லை." பல நேரம் லென்ஸ் மேல் ஒரு தப்பும் இருக்காது. ஃபோகஸ் வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அதனால் வைட் லென்ஸ்களை ஒப்பிடும்போது எத்தனை மி.மீ., என்ன விலை என்பதோடு, அது எப்படி ஃபோகஸ் ஆகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. முதலில் அடிப்படையிலிருந்து வருவோம்.

லென்ஸில் எழுதியிருக்கும் 10, 18, 55 என்கிற எண்கள் குவியத் தூரம். எண் குறையக் குறைய லென்ஸ் பார்க்கும் கோணம் விரியும். ஆனால் அந்தக் கோணம் லென்ஸை மட்டும் பொறுத்ததல்ல, பின்னால் படம் பதியும் சென்சாரின் அளவையும் பொறுத்தது. பழைய ஃபிலிம் அளவிலேயே இருக்கும் 'ஃபுல் ஃபிரேம்' சென்சாரில் 18 மி.மீ. என்பது அகன்ற காட்சி. அதே 18 மி.மீ.யை நம்மில் பலரிடம் இருக்கும் சின்ன சென்சார் கேமராவில் மாட்டினால், ஓரங்கள் வெட்டுப்பட்டு, நிகானில் 27 மி.மீ. போலவும் கேனனில் கிட்டத்தட்ட 29 மி.மீ. போலவும் தெரியும். 1.5, 1.6 என்று கடைக்காரர் சொல்லும் 'க்ராப்' கணக்கு இதுதான்.

கிட் லென்ஸின் 18 மி.மீ. மூலைக்கு மூலை சுமார் 75 டிகிரி பார்க்கிறது. 10 மி.மீ. சுமார் 108 டிகிரி. சின்ன அறையில் சுவரோடு ஒட்டி நின்று எடுக்கும்போது, கட்டில் பாதியோடு நிற்பதா, அறை முழுக்க வருவதா என்பதை இந்த வித்தியாசம்தான் முடிவு செய்யும். வைட் பக்கத்தில் ஒவ்வொரு மி.மீ.க்கும் மதிப்பு அதிகம். 10க்கும் 11க்கும் நடுவிலேயே நாலைந்து டிகிரி போய்விடும். டெலி பக்கத்தில் 200க்கும் 201க்கும் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

அகலமாகத் தெரிவது பாதி விஷயம். மீதிப் பாதி, பக்கத்தில் இருப்பது மிகப் பெரிதாகவும் தூரத்தில் இருப்பது மிகச் சிறிதாகவும் தெரிவது. மலையை எடுக்க 10 மி.மீ. போட்டால் மலை ஒரு மேடு போல வந்து நிற்கும். அதே லென்ஸில் முன்னால் ஒரு பாறையை ஓர் அடி தூரத்தில் வைத்தால் படத்துக்கு உயிர் வந்துவிடும். ஆக, இந்த லென்ஸை நன்றாகப் பயன்படுத்துகிறவர் எதையாவது மிகக் கிட்டத்தில் வைத்துத்தான் எடுப்பார். ஃபோகஸ் தொல்லை பிறக்கும் இடமும் அந்தக் கிட்டம்தான். (கல்யாண மேடையில் குரூப் போட்டோவுக்கு 10 மி.மீ. போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: ஓரத்தில் நிற்கும் அத்தை, மாமாவின் முகம் பக்கவாட்டில் இழுபட்டுத்தான் வரும். ஃபோகஸை எவ்வளவு சரிசெய்தாலும் அது போகாது. பின்னால் இடம் இருந்தால் நாலடி தள்ளிப் போய் 18இல் எடுங்கள்.)

சரி, இப்போது கூர்மையின் ஆழத்துக்கு வருவோம். எந்த லென்ஸும் ஒரே ஒரு தூரத்தில்தான் உண்மையாகக் கூர்மை. அதற்கு முன்னும் பின்னும் கொஞ்ச தூரம் கண்ணுக்குக் கூர்மையாகவே படும். அந்த ஆழம் குவியத் தூரம் குறையும்போது மிக வேகமாக விரிகிறது. சின்ன சென்சார் கேமராவில் எஃப்/8 (ஒளி நுழையும் துளையின் அளவு; எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். 55 மி.மீ.யில் சுமார் 19 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால்தான் தொடுவானம் வரை கூர்மை கிடைக்கும். 18 மி.மீ.யில் 2 மீட்டர் போதும். 10 மி.மீ.யில் வெறும் 65 செ.மீ. அப்படி வைத்தால் ஏறக்குறைய 33 செ.மீ.யிலிருந்து தொடுவானம் வரை எல்லாமே கூர்மைக்குள் வந்துவிடும். இந்தத் தூரத்துக்கு 'ஹைப்பர்ஃபோகல்' தூரம் என்று பெயர்.

சென்சார் இன்னும் சின்னதானால் ஃபோகஸே தேவைப்படாத நிலை வந்துவிடும். ஐபோன் 11இல் வந்த அல்ட்ரா வைட் கேமராவில் ஃபோகஸ் நகரவே நகராது, நிலையாக வைத்த ஒரே ஃபோகஸ்தான். வாங்கிய பலருக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. பெரிய கேமராவுக்கு மாறும்போது அந்தச் சலுகையை விட்டுவிட்டு வருகிறோம்.

ஹைப்பர்ஃபோகல் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது 'ஏற்றுக்கொள்ளக்கூடிய' கூர்மைக்கான கணக்கு. சுமாரான அளவில் பிரிண்ட் போட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கிற காலத்து அளவுகோல். மேலே நான் போட்ட எண்கள் 0.02 மி.மீ. அளவு மங்கலை அனுமதிக்கின்றன. 24 மெகாபிக்சல் சின்ன சென்சாரில் அந்த 0.02 மி.மீ.க்குள் ஐந்து பிக்சல் அடங்கும். திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறவர் கண்ணுக்கு ஐந்து பிக்சல் மங்கல் நன்றாகவே தெரியும். 65 செ.மீ.யில் வைத்து எடுத்துவிட்டு, தூரத்து மலை கொழகொழவென்று இருக்கிறதே என்று லென்ஸைத் திட்டுவது இதனால்தான். தூரத்துக் காட்சி முக்கியம் என்றால் அந்தத் தூரத்தை இரட்டிப்பாக்குங்கள்: 65 செ.மீ.க்குப் பதில் 1.3 மீட்டர். முன்னால் இருப்பதில் கொஞ்சம் இழப்பீர்கள், மலை தேறிவிடும்.

ஆழம் போதவில்லையே என்று எஃப்/22க்கு ஓடாதீர்கள். துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி ஓரத்தில் சிதறி, ஃபோகஸ் சரியாக இருக்கும் இடம்கூட மழுங்கிவிடும். சின்ன சென்சாரில் எஃப்/8, எஃப்/11 வரை நிம்மதி. அதற்கு மேல் வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

இவ்வளவு ஆழம் இருந்தும் ஃபோகஸ் எப்படித் தவறுகிறது? ஃபோகஸைத் துரத்தும் முன் இரண்டு சின்ன விஷயங்களைக் கழித்துவிடுங்கள். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் மங்கல், படத்தில் சரி என்றால், வியூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரம் உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி இல்லை. உள்ளே தெரியும் எண்கள் தெளிவாகும்வரை திருப்பினால் முடிந்தது. இரண்டாவது கை நடுக்கம். படத்தில் எங்காவது ஓர் இடம் கூர்மையாக இருந்து, வேண்டிய இடம் மட்டும் மங்கலாக இருந்தால் அது ஃபோகஸ். எங்குமே கூர்மை இல்லாமல் எல்லாம் ஒரே திசையில் தீற்றினாற்போல இருந்தால் அது ஷட்டர் வேகம்.

இரண்டும் இல்லையா? அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் தானியங்கி முறை. அது பொதுவாகக் கிட்டத்தில் இருப்பதையோ, கோடும் விளிம்பும் அழுத்தமாக இருப்பதையோ பிடித்துக்கொள்ளும். வைட் ஃபிரேமுக்குள் அப்படி ஏகப்பட்டது வரும்: தரையில் ஒரு செடி, பக்கத்தில் ஒரு கம்பி. ஒற்றைப் புள்ளி முறைக்கு மாறுங்கள். புதுக் கேமரா வாங்கியதும் நான் யாருக்கும் மாற்றிக் கொடுக்கும் முதல் அமைப்பு இதுதான்.

ஒற்றைப் புள்ளியிலும் ஒரு சூது உண்டு. வியூஃபைண்டரில் தெரியும் கட்டத்தைவிட உள்ளே ஃபோகஸை அளக்கும் உணரியின் பரப்பு பெரும்பாலும் பெரிது. 55 மி.மீ.யில் ஒரு முகம் கட்டத்தை நிறைத்துவிடும். 10 மி.மீ.யில் மூன்று மீட்டரில் நிற்பவரின் முகம் கட்டத்துக்குள் ஒரு பொட்டுதான். அவர் பின்னால் கட்டம் போட்ட ஜன்னலோ எழுத்துப் பலகையோ இருந்தால் கேமராவுக்கு அதுதான் பிடிக்கும். பீப் சத்தமும் வரும், பச்சை விளக்கும் எரியும். ஃபோகஸ் ஆனது ஜன்னலில். முகத்துக்குப் பதிலாக அதே தூரத்தில் இருக்கும் சட்டை விளிம்பையோ, தரையையும் காலையும் பிரிக்கும் கோட்டையோ பிடித்தால் தப்பிக்கலாம்.

அடுத்தது பலருக்கும் பழகிப்போன ஒரு பழக்கம்: நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்து, ஷட்டரைப் பாதி அழுத்திப் பிடித்தபடி கேமராவைத் திருப்பி ஃபிரேமை அமைப்பது. டெலியில் திருப்பும் கோணம் சின்னது, பாதகமில்லை. வைட்டில் ஓரத்துக்குக் கொண்டுபோக 40 டிகிரி வரைகூடத் திருப்ப வேண்டியிருக்கும். கூர்மையாக இருப்பது லென்ஸுக்கு எதிரே நேராக நிற்கும் ஒரு தட்டையான தளம். கேமரா திரும்பினால் தளமும் கூடவே திரும்பும். ஆள் நின்ற இடத்திலேயே இருந்தாலும், அந்தத் தளத்துக்கு முன்னால் வந்துவிடுவார். 50 செ.மீ.யில் ஃபோகஸ் செய்து 40 டிகிரி திருப்பினால், தளத்துக்கு நேராக அளந்தால் அவர் இருப்பது 38 செ.மீ.யில். 11 மி.மீ., எஃப்/2.8இல் அப்போது கூர்மை தொடங்குவதே 41 செ.மீ.யில்தான். போச்சு. ஒரு மீட்டரில் இதையே செய்தால் தப்பிவிடும். அதனால்தான் சில நேரம் சரியாகவும் சில நேரம் தவறாகவும் வந்து ஆளைக் குழப்புகிறது. ஓரப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து நேராக அங்கேயே ஃபோகஸ் செய்வதுதான் இதற்கு மருந்து.

அந்தத் தளம் தட்டையானது என்று சொன்னேனே, அதுவும் முழு உண்மையில்லை. பல வைட் லென்ஸ்களில் அது கிண்ணம் போல லேசாக வளைந்திருக்கும். நடுவில் சுவர் கூர்மையாக, மூலைகளில் மங்கலாக வரும். மூலையில் ஃபோகஸ் செய்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மூலை கூர்மையாகி நடு மங்கினால் அது வளைவு. எஃப்/8 வைத்தால் பெருமளவு அடங்கும். எங்கே ஃபோகஸ் செய்தாலும் மூலை தேறவில்லை என்றால்தான் அது லென்ஸின் பலவீனம்.

இனி டி.எஸ்.எல்.ஆர்., அதாவது உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி உள்ள கேமராக்களுக்கே உரிய தலைவலி. 1985இல் தானியங்கி ஃபோகஸோடு மினோல்டா 7000 கேமரா வந்த நாளிலிருந்து, கண்ணாடி உள்ள கேமராக்கள் ஃபோகஸை அளப்பது படம் பதிகிற இடத்தில் இல்லை. உள்ளே வரும் ஒளியில் ஒரு பங்கு கண்ணாடி வழியாகக் கீழே இருக்கும் தனி உணரிக்குப் போகிறது. லென்ஸிலிருந்து உணரிக்கு உள்ள தூரமும் சென்சாருக்கு உள்ள தூரமும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால், கேமரா "ஆச்சு" என்று சொல்லும்போதெல்லாம் ஃபோகஸ் ஒரே பக்கமாக, எப்போதும் முன்னாலோ எப்போதும் பின்னாலோ விழும்.

இதைக் கண்டுபிடிக்க லைவ் வியூ, அதாவது பின்திரையைப் பார்த்து எடுக்கும் முறை, இருக்கிறது. லைவ் வியூவில் கண்ணாடி மேலே போய்விடும், ஃபோகஸை சென்சாரே அளக்கும். முக்காலியில் கேமராவை வைத்து, இருபது முப்பது அடி தள்ளி எழுத்துள்ள பலகை ஒன்றைக் குறிவைத்து, துளையை முழுக்கத் திறந்து, லைவ் வியூவில் சில படங்கள், வியூஃபைண்டர் வழியாகச் சில படங்கள் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். லைவ் வியூ படங்கள் மட்டும் கூர்மையாக வந்தால் கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. இரண்டுமே ஒன்றுபோல மங்கினால் லென்ஸைச் சந்தேகிக்கலாம். வியூஃபைண்டர் படங்கள் ஒன்று சரி, ஒன்று தவறு என்று மாறி மாறி வந்தால், வெளிச்சமோ குறியோ போதவில்லை.

ஒத்துப்போகாததைச் சில கேமராக்களின் மெனுவிலேயே திருத்தலாம். நிகானில் 'ஃபைன் ட்யூன்', கேனனில் 'மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்'. நிகான் டி7000, டி7200, கேனன் 7டி, 70டி போன்றவற்றில் உண்டு. நிகானின் டி3000, டி5000 வரிசைகளில் கிடையாது. கேனன் 60டியில் அதை எடுத்தேவிட்டார்கள், 70டியில் திரும்பக் கொடுத்தார்கள். அந்த வசதி இல்லாதவர்கள் முக்கியமான படத்தை லைவ் வியூவில் எடுப்பதே நல்லது. நிதானமாக எடுக்கும் கட்டடம், நிலக்காட்சிக்கு அது ஒரு குறையே இல்லை. கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் சென்சாரே அளப்பதால் இந்தப் பிரச்சினை அடியோடு கிடையாது. மேலே சொன்ன புள்ளி, திருப்பல், வளைவு எல்லாம் அவற்றுக்கும் உண்டு.

இந்தக் கண்ணோடு லென்ஸ்களைப் பார்ப்போம். கேனன் 10-18 எஸ்டிஎம் (எஸ்டிஎம் என்பது உள்ளே இருக்கும் ஃபோகஸ் மோட்டாரின் வகை) 2014இல் வந்தது, 240 கிராம், நடுக்கத்தைக் குறைக்கும் ஏற்பாடு உண்டு, 22 செ.மீ. வரை நெருங்கலாம். எஃப்/4.5இல் தொடங்குவதால் இரவுக்கு ஏற்றதல்ல. பகலில் கட்டடம், பயணம் என்றால் முதல் வைட் லென்ஸாகக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதன் ஃபோகஸ் வளையம் நேராகக் கண்ணாடிகளைத் திருப்புவதில்லை, மோட்டாருக்குச் சொல்லி அனுப்புகிறது. கேமரா அணைந்திருந்தால் வளையம் சும்மா சுற்றும். தூரம் காட்டும் அளவுகோலும் இல்லை. ஹைப்பர்ஃபோகல் கணக்கை மனப்பாடம் செய்து வைத்தாலும் அதில் 65 செ.மீ. எங்கே என்று தெரியாது. அந்தத் தூரத்தில் ஒரு பொருளைப் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

நிகான் 10-20 ஏஎஃப்-பி (இதுவும் மோட்டார் வகையின் பெயர்தான்) 2017இல் வந்தது. குணம் ஏறக்குறைய இதேதான், 230 கிராம். ஆனால் பழைய கேமரா வைத்திருப்பவர்கள் இங்கே ஏமாந்துபோகக்கூடும்: டி90, டி7000, டி3200, டி5100 போன்ற உடல்களில் இந்த ஏஎஃப்-பி லென்ஸில் ஃபோகஸே செய்ய முடியாது, கையால்கூட. மாட்டும்போது அழகாகப் பொருந்தும், வேலைதான் செய்யாது.

டோக்கினா 11-16 முற்றிலும் வேறு சாதி. எஃப்/2.8, அரைக் கிலோவுக்கு மேல் எடை, தூர அளவுகோல் உண்டு. வளையத்தைப் பின்னால் இழுத்தால் கை ஃபோகஸ், முன்னால் தள்ளினால் தானியங்கி. நட்சத்திரம் எடுப்பவர்கள் நடுவே வருடக்கணக்கில் இதற்குப் பெயர் இருந்தது. விளக்கு ஃபிரேமுக்குள் வந்தால் ஒளிப்பூச்சு வரும், அழுத்தமான விளிம்புகளில் ஊதாக் கோடு விழும். நிகானுக்கு இதைப் பழசாக வாங்குகிறவர்கள் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். முதல் பதிப்பில் மோட்டார் கிடையாது. கேமரா உடலில் மோட்டார் உள்ள டி90, டி7000, டி7200 போன்றவற்றில்தான் தானாக ஃபோகஸ் ஆகும். டி3000, டி5000 வரிசையில் கையால்தான் திருப்ப வேண்டும். இரண்டாம் பதிப்பில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. மிரர்லெஸ்காரர்களுக்கு இப்போது இதே இடத்தில் 2023இல் வந்த சிக்மா 10-18 எஃப்/2.8 இருக்கிறது, எடையும் பாதிதான்.

எதைப் பழசாக வாங்கினாலும் கடை வாசலில் நின்று தூரத்துக் கட்டட வரிசை ஒன்றை எஃப்/5.6இல் எடுத்து, இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொன்று எடுங்கள். இப்போது மங்கல் கட்டட வரிசையின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டால், பெரும்பாலும் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. கீழே விழுந்த லென்ஸ்களில் இது சகஜம். எந்த அமைப்பாலும் சரியாகாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக இரவு வானம். இருட்டில் தானியங்கி ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துவிட்டு நின்றுவிடும். வளையத்தை முடிவிலிக் குறி வரை திருப்பி வைத்தால் ஆச்சு என்று நினைக்கத் தோன்றும், ஆனால் பல லென்ஸ்கள் அதையும் தாண்டித் திரும்பும். குறி எங்கே இருக்கிறதோ அங்கேதான் நட்சத்திரம் கூர்மை என்பதற்கு உத்தரவாதம் இல்லை. லைவ் வியூவில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தையோ தொலைதூர விளக்கையோ பத்து மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும்வரை வளையத்தை மெல்லத் திருப்புங்கள். அப்புறம் ஜூமைத் தொடாதீர்கள். இந்த மாதிரி ஜூம்களில் குவியத் தூரம் மாறினால் ஃபோகஸும் நகரக்கூடும். வளையத்தை ஒரு துண்டு டேப்பால் ஒட்டிவிடுவது நல்லது. எஸ்டிஎம், ஏஎஃப்-பி மாதிரி மோட்டார் வளையம் உள்ள லென்ஸ் என்றால் டேப் உதவாது; கேமரா அணைந்தோ உறங்கியோ போனால் ஃபோகஸ் இடம் மாறலாம், ஆகவே தானாக அணைவதை மெனுவில் நிறுத்திவிடுங்கள்.

11 மி.மீ.யில் 30 விநாடி வரை ஷட்டரைத் திறந்து வைத்தாலும் நட்சத்திரங்கள் பெரிதாகக் கோடு இழுக்காது. நேரம் போகப் போகக் குளிர் ஏறும், ஃபோகஸ் கொஞ்சம் நகரலாம். இடையிடையே பெரிதாக்கிப் பாருங்கள். திருத்தியும் எல்லா நட்சத்திரங்களும் ஒன்றுபோலப் பூத்துத் தெரிந்தால் வளையத்தை மேலும் திருகாமல், டார்ச் அடித்து லென்ஸின் முகப்பைப் பாருங்கள். பனி படிந்திருக்கும்.